நைரோபியிலிருந்து மொம்பாசா: விமானமா, ரயிலா, பஸ்ஸா?

நைரோபிக்கும் மொம்பாசாவுக்கும் எவ்வளவு தூரம் என்று தேடினால் நான்கு விதமான எண்கள் வரும். நான்குமே சரிதான். நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கு நேர்கோடு போட்டால் சுமார் 440 கிலோமீட்டர். விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு அளந்தால் 420-ஐ ஒட்டி வரும். ரயில் பாதை 472. சாலை 480-க்கு மேல். இதற்குக் கீழேயே “விமான நேரம்: ஒரு மணி” என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்தவுடன் விமான டிக்கெட் தேடத் தொடங்கிவிடுவோம். ரயிலுக்கு ஐந்து மணி, பஸ்ஸுக்கு ஒன்பது மணி என்று பக்கத்தில் வேறு போட்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம் என்று தோன்றும்.

அந்த ஒரு மணி எப்படி வருகிறது தெரியுமா? பெரும்பாலான தளங்கள் தூரத்தை ஜெட் விமானத்தின் சராசரி வேகத்தால், அதாவது மணிக்கு 800 கிலோமீட்டரை ஒட்டிய ஓர் எண்ணால் வகுக்கின்றன. அரை மணி வருகிறது. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் இன்னொரு அரை மணி சேர்த்துவிடுகின்றன. இந்தத் தடத்தில் அந்தக் கணக்கு மோசமில்லை. ஜெட் என்றால் வானில் இருப்பது முக்கால் மணிதான். மலிவுக் கட்டணச் சேவையான ஜம்போஜெட் ஓட்டுவது டாஷ் 8 ரக ப்ரொப்பெல்லர் விமானம். அது சற்று மெதுவானது, ஆனாலும் இவ்வளவு குறைந்த தூரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆக, விமான நேரம் உண்மை. உங்கள் பயண நேரம்தான் வேறு.

நைரோபி வெஸ்ட்லேண்ட்ஸ் பகுதியில் தங்கியிருக்கிறீர்கள், மொம்பாசாவில் நியாலி கடற்கரைப் பக்கம் அறை எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜோமோ கென்யாட்டா விமான நிலையம் போக நெரிசலைப் பொறுத்து 40 நிமிடத்திலிருந்து ஒரு மணி. உள்நாட்டு விமானம்தானே என்று கடைசி நிமிடத்தில் போய் நிற்க முடியாது. நிலைய வாசலுக்கு முன்பே வண்டியை நிறுத்தி ஆளை இறக்கிச் சோதிக்கிறார்கள், அப்புறம் உள்ளே ஒருமுறை. ஒன்றரை மணி நேரம் ஒதுக்குவதே புத்திசாலித்தனம். பறப்பது ஒரு மணி. மொம்பாசாவில் பெட்டி எடுத்து வெளியே வர 20 நிமிடம். மோய் விமான நிலையம் தீவுக்கு வெளியே மேற்குப் பக்கம் இருக்கிறது. அங்கிருந்து தீவைக் கடந்து நியாலி பாலம் ஏறிப் போக முக்கால் மணியாவது ஆகும். மொத்தம் நாலரையிலிருந்து ஐந்து மணி.

இதே ஆள் ரயிலில் போனால்? நிலையம் போக ஒரு மணி, ஒரு மணி முன்னதாக அங்கே இருக்க வேண்டும், விரைவு வண்டியில் ஐந்து மணி, இறங்கி வெளியே வர 20 நிமிடம், நியாலிக்கு ஒரு மணி. எட்டு, எட்டரை. பஸ் என்றால் பத்து, பதினொன்று. ஒன்றுக்கு ஐந்து என்று தெரிந்த வித்தியாசம், வாசலிலிருந்து வாசலுக்குக் கணக்குப் போட்டால் ஒன்றுக்கு இரண்டுக்கும் கீழே வந்துவிடுகிறது. விமானம் மிச்சப்படுத்தித் தருவது மூன்றரை மணி நேரம். அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதுதான் கேள்வி.

புதியவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. நைரோபியின் பெரிய விமான நிலையமும் புதிய ரயில் நிலையமும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. ரயில் கிளம்புவது ஊர் நடுவிலிருந்து அல்ல. நகருக்குத் தென்கிழக்கே, விமான நிலையத்தையும் தாண்டி, சியோகிமாவ் என்ற இடத்திலிருந்து. இரண்டுக்கும் மொம்பாசா சாலை வழியாகத்தான் போக வேண்டும். காலை, மாலை நேரங்களில் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று நைரோபிக்காரர் யாரைக் கேட்டாலும் பெருமூச்சுதான் முதலில் வரும். 2022-இல் திறந்த நைரோபி எக்ஸ்பிரஸ்வே வெஸ்ட்லேண்ட்ஸிலிருந்து ம்லோலோங்கோ வரை 27 கிலோமீட்டருக்கு இந்த நெரிசலைத் தாண்டிப் போகிறது. சுங்கம் உண்டு. டாக்ஸிக்காரர் “மேலே போகலாமா, கீழே போகலாமா” என்று கேட்டால், மேலே என்று சொல்லி அந்தக் காசைக் கொடுத்துவிடுங்கள். ஊருக்குள் பழைய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி: அங்கிருந்து சியோகிமாவுக்கு இணைப்பு ரயில் ஓடுகிறது, சாலை நெரிசல் என்ற பேச்சே இல்லை.

ரயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் அதைப் பழைய ரயிலோடு குழப்பிக்கொள்கிறார்கள். 1896-இல் மொம்பாசாவில் பிரிட்டிஷார் மீட்டர் கேஜ் பாதை போடத் தொடங்கினார்கள். இந்தியாவிலிருந்து 30,000-க்கும் அதிகமான கூலித் தொழிலாளர்கள் கப்பலில் கொண்டுவரப்பட்டார்கள். 1899-இல் தண்டவாளம் நைரோபியை எட்டியது. உண்மையில் அப்போது நைரோபி என்று ஊரே இல்லை, ரயில்வே கிடங்குக்காகப் பிடித்துப்போட்ட சதுப்பு நிலம்தான்; ஊர் அதற்குப் பின்னால் வந்தது. அந்தப் பாதையில் ஓடிய இரவு வண்டி கடைசிக் காலத்தில் எப்போது போய்ச் சேரும் என்று யாருக்கும் தெரியாது. இப்போது நாம் பேசுவது அதுவல்ல. சீனக் கடனில், சீன நிறுவனம் கட்டி, 2017 மே 31 அன்று தொடங்கிவைக்கப்பட்ட ஸ்டாண்டர்ட் கேஜ் ரயில். பெயர் மதராகா எக்ஸ்பிரஸ். மணிக்கு 120 கிலோமீட்டர் வரை போகும். சொன்ன நேரத்துக்குக் கிளம்பும். அந்தக் கடனைக் கென்யா எப்படி அடைக்கப்போகிறது என்ற சண்டை அங்கே இன்னும் ஓயவில்லை. பயணியின் கணக்கில் அது வராது என்றாலும் வண்டியில் பக்கத்து இருக்கைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தால் அதில்தான் போய் நிற்கும்.

சியோகிமாவ் நிலையத்துக்குள் நுழைவதே ஒரு சடங்கு. வாசலில் எல்லோரும் பெட்டிகளைத் தரையில் ஒரே வரிசையாக வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். சூட்கேஸ், முதுகுப் பை, கோணிச் சாக்கு, குழந்தையின் பொம்மைப் பை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக. ஒரு காவலர் மோப்ப நாயைப் பிடித்துக்கொண்டு வரிசை நெடுகப் போவார். நாய் எதையாவது இரண்டாவது முறை முகர்ந்தால் அந்தப் பைக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டும்; பெரும்பாலும் உள்ளே வறுத்த கோழிதான் இருக்கும். அது முடிந்தால் ஸ்கேனர், அப்புறம் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும், மறுபடி ஒரு ஸ்கேனர். ஒரு மணி முன்னதாக வரச் சொல்வது இதற்காகத்தான். வண்டி கிளம்புவதற்குக் கொஞ்ச நேரம் முன்பே கதவைச் சாத்திவிடுவார்கள், கெஞ்சிப் பயனில்லை. பிளாஸ்டிக் கேரி பையில் சாப்பாடு கட்டிக்கொண்டு போகாதீர்கள். 2017 ஆகஸ்டிலிருந்து கென்யாவில் அந்தப் பைகளுக்குத் தடை.

கட்டணம் 2024 ஜனவரியில் ஏறியது. சாதாரண வகுப்பு 1,000-லிருந்து 1,500 ஷில்லிங், முதல் வகுப்பு 3,000-லிருந்து 4,500. நம் பணத்தில் ஏறக்குறைய 1,000 ரூபாயும் 3,000 ரூபாயும். சாதாரண வகுப்பில் ஒரு பக்கம் மூவர், மறு பக்கம் இருவர், எதிரெதிரே உட்கார வேண்டும். எதிரே நெட்டையான ஆள் வந்துவிட்டால் ஐந்து மணி நேரமும் முழங்கால் பேச்சுவார்த்தைதான். முதல் வகுப்பில் இரண்டுக்கு இரண்டு, இடம் தாராளம். மும்மடங்கு விலைக்கு அது தகுமா? தனியாகப் போகும் இளைஞருக்குத் தேவையில்லை. வயதான அம்மா அப்பாவோடு போனால் யோசிக்காமல் முதல் வகுப்பு எடுக்கலாம்.

வண்டி நேரத்தைப் பார்த்து எடுப்பது முக்கியம். வழக்கமான அட்டவணைப்படி இரு முனைகளிலிருந்தும் காலை 8, பிற்பகல் 3, இரவு 10 என்று கிளம்புகின்றன. காலை வண்டி ஏழு ஊர்களில் நின்று போவது, ஆறு மணி நேரம் பிடிக்கும். இரவு வண்டியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். “இரவில் தூங்கிவிட்டால் ஒரு நாள் மிச்சம், அறை வாடகையும் மிச்சம்” என்று நம் ஊர் வழக்கப்படி தோன்றும். ஆனால் அதில் படுக்கை கிடையாது, உட்கார்ந்தே போக வேண்டும். இறங்குவது அதிகாலை மூன்றரை மணிக்கு, ஊருக்கு வெளியே மிரிதினியில். அறை மதியத்துக்கு மேல்தான் கிடைக்கும். மிச்சமானது எது?

பிற்பகல் 3 மணி வண்டிதான் என் தேர்வு. சாவோ தேசியப் பூங்கா 1948-இல் அமைந்தது, கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள்; நெடுஞ்சாலையும் ரயிலும் அந்த இரண்டுக்கும் நடுவே போகின்றன. மூன்று மணி வண்டி அங்கே போகும்போது ஐந்தரை, ஆறு. வெயில் சாய்ந்து, விலங்குகள் நிழலைவிட்டு வெளியே வரும் நேரம். தண்டவாளம் உயர்ந்த கரை மேல் ஓடுவதால் நன்றாகத் தெரியும். யானைகள் குறுக்கே போகக் கரைக்கு அடியில் பெரிய வழிகள் விட்டிருக்கிறார்கள். சாவோ யானைகள் செங்கல் நிறத்தில் இருக்கும், அந்த மண்ணைப் பூசிக்கொள்வதால். யானை தெரிந்தே தீரும் என்று யாரும் எழுதித்தர மாட்டார்கள். ஆனால் காலை வண்டியில் உச்சி வெயிலில் போனால் புதரும் புழுதியும்தான் அதிகம். நைரோபியிலிருந்து போகும்போது வலது பக்கச் சன்னல் கிடைத்தால் நல்லது. முதல் பாதியில் மேகம் விலகியிருந்தால் அந்தப் பக்கம்தான் கிளிமஞ்சாரோ. 5,895 மீட்டர் உயரம் என்பதால் எல்லைக்கு அந்தப்புறம் தான்சானியாவில் இருந்தாலும் தெரியும். விமானத்திலும் இதே விதிதான்: போகும்போது வலது, வரும்போது இடது. விமானத்தில் மேகத்துக்கு மேலே இருப்பதால் மலை கண்ணில் படும் வாய்ப்பு கூடுதல் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

சரி, பஸ். விலையில் சாதாரண வகுப்பு ரயிலை ஒட்டித்தான் வருகிறது, நேரம் இரட்டிப்பு. அப்புறம் யார் போகிறார்கள்? ரயில் டிக்கெட் கிடைக்காதவர்கள். டிசம்பரிலும் ஈஸ்டரிலும் நைரோபியே கடற்கரைக்குக் கிளம்பிவிடும். வார இறுதி வண்டிகளும் சீக்கிரம் நிரம்பிவிடும். பஸ் அன்றைக்கே கிடைக்கும், ஊர் நடுவிலேயே ஏறலாம், மொம்பாசாவில் ஊர் நடுவிலேயே இறங்கலாம். ஆனால் சாலையைப் பற்றித் தெரிந்துகொண்டு ஏறுங்கள். உகாண்டா, தெற்கு சூடானுக்குப் போகும் சரக்கில் பெரும்பகுதி மொம்பாசா துறைமுகத்தில் இறங்கி இதே சாலையில்தான் போகிறது. நெடுந்தூரத்துக்கு இரு வழிச் சாலைதான், நடுவே தடுப்பு இல்லை. லாரி வரிசையை முந்த பஸ் எதிர்ப்பக்கத்துக்கு ஏறும் ஒவ்வொரு முறையும் நமக்கு வயிற்றைக் கலக்கும். இரவு பஸ் வேண்டவே வேண்டாம்.

சாலைக்கு ஆதரவாக ஒன்றே ஒன்று சொல்லலாம். நைரோபியிலிருந்து கிளம்பி எமாலி தாண்டியதும் மகிண்டு என்ற சிற்றூர் வரும். பழைய ரயில் பாதை போட வந்த சீக்கியர்கள் வழிபடத் தொடங்கிய இடம். 1926-இல் கட்டிய குருத்வாரா நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. வழிப்போக்கர் யாராக இருந்தாலும் சாப்பாடு உண்டு, காசு கேட்பதில்லை. தலையை மூடிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் சப்பாத்தி, பருப்பு, சில நேரம் கீர், பெரிய டம்ளரில் இஞ்சி டீ. லாரி ஓட்டுநரும் சஃபாரி வந்த வெள்ளைக்காரரும் ஒரே கூடத்தில் சாப்பிடுவார்கள். பஸ் அங்கே நிற்காது, அது பாதி வழியில் ம்டிடோ அன்டெய் என்ற ஊரில்தான் நிற்கும். மகிண்டு வேண்டுமென்றால் சொந்தமாக வண்டி அமர்த்தித்தான் போக வேண்டும். நாலைந்து பேர் சேர்ந்து, அவசரமில்லாமல், பகலில் மட்டும் ஓட்டிப் போவதென்றால் அது ஒரு நல்ல நாள்.

இதுவரை போட்டதெல்லாம் நியாலிக் கணக்கு. மொம்பாசா என்று சொல்லிவிட்டு உண்மையில் டியானி கடற்கரைக்குப் போகிறவர்கள் ஏராளம், அவர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். டியானி மொம்பாசாவுக்குத் தெற்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல். நடுவில் கடல் கால்வாய். லிகோனியில் பாலம் கிடையாது, படகுதான். வண்டிகளும் ஆயிரக்கணக்கான பாதசாரிகளும் ஒன்றாக ஏறி இறங்குகிறார்கள். நெரிசல் நேரத்தில் அந்த அரை கிலோமீட்டர் தண்ணீரைக் கடக்க ஒரு மணி போய்விடும், கரையில் காத்திருப்பதுதான் மிச்சம். இப்போது மிரிதினியிலிருந்து டொங்கோ குண்டு புறவழிச்சாலை தீவையும் படகையும் தொடாமல் தெற்குக் கரைக்குப் போகிறது. ரயிலில் இறங்கி டியானி போகிறவர்களுக்கு இது பெரிய விடுதலை. டாக்ஸியில் ஏறும்போதே எந்த வழி என்று கேட்டுக்கொள்ளுங்கள், படகு வழி என்றால் வேறு வண்டி பாருங்கள்.

ஆனால் டியானி என்றால் என் ஓட்டு விமானத்துக்குத்தான். டியானிக்குப் பக்கத்திலேயே உகுண்டாவில் சின்ன விமான ஓடுதளம் இருக்கிறது. நைரோபியிலிருந்து நேராக அங்கே இறங்கலாம். இறங்கிப் பத்து பதினைந்து நிமிடத்தில் அறை. வில்சன் விமான நிலையத்திலிருந்தும் சேவை உண்டு. வில்சன் நைரோபி நகருக்கு ஒட்டினாற்போல, ஐந்தாறு கிலோமீட்டரில் இருக்கிறது, சின்ன நிலையம், வரிசையும் சின்னது. வாசலிலிருந்து வாசலுக்கு மூன்றரை மணியில் முடிந்துவிடும். ரயில் வழி என்றால் ஒன்பது மணி ஆகும். இங்கே விமானம் மிச்சப்படுத்துவது அரை நாள். ஒரே எச்சரிக்கை பெட்டி எடை. சிறிய விமானங்களில் 15, 20 கிலோ என்று வரம்பு கறாராக இருக்கும். மலிவுக் கட்டணச் சேவைகளில் மிகக் குறைந்த விலை டிக்கெட் எடுத்தால் கைப்பெட்டி மட்டும்தான். பெட்டிக்குத் தனியாகக் கட்டிய பிறகு விலையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

விலை என்றால், விமானத்தில் முன்கூட்டி எடுத்தால் ஒருவருக்கு ஐந்தாறாயிரம் ஷில்லிங்கிலிருந்து கிடைக்கும், விடுமுறைக் காலத்தில் கடைசி நேரத்தில் அதுபோல் இரண்டு மடங்கைத் தாண்டும். தனி ஆளுக்கு முதல் வகுப்பு ரயிலுக்கும் மலிவு விமானத்துக்கும் வித்தியாசம் ஆயிரம் ஷில்லிங்தான் வரும் நாட்கள் உண்டு. அப்படிப்பட்ட நாளில் அவசரமிருந்தால் விமானம்தான். நால்வர் குடும்பம் என்றால் சாதாரண வகுப்பு ரயில் 6,000-க்குள் முடிந்துவிடும், குழந்தைகளுக்குப் பாதி. விமானம் 20,000-க்குக் குறையாது. அந்த 14,000 ஷில்லிங்கில் கடற்கரையில் இன்னொரு இரவு தங்கலாம்.

சஃபாரியும் சேர்த்து வைத்திருப்பவர்கள் மொம்பாசா வரை டிக்கெட் எடுக்கவே வேண்டாம். நான் மட்டம்தட்டிய அந்தக் காலை 8 மணி வண்டி அவர்களுக்குத்தான். எமாலியில் இறங்கினால் அம்போசெலி தேசியப் பூங்காவுக்கு வழி. வோய் என்ற ஊரில் இறங்கினால் சாவோ கிழக்குப் பூங்காவின் வாசல் ஊரை ஒட்டியே இருக்கிறது. இரண்டு நாள் பூங்காவில் சுற்றிவிட்டு மறுபடி அதே வண்டியில் ஏறிக் கடற்கரைக்குப் போகலாம்.

இந்தியாவிலிருந்து நேராகக் கடற்கரைக்கே வருபவர்கள் முதலில் நைரோபியைத் தவிர்க்க முடியுமா என்று பாருங்கள். எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் அடிஸ் அபாபாவிலிருந்து மொம்பாசாவுக்கே வருகிறது. நைரோபி வழிதான் மலிவு என்றால், மொம்பாசா வரை ஒரே டிக்கெட்டாக எடுப்பது நல்லது. முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு அவர்களுடையது. தனித்தனி டிக்கெட் எடுத்தால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில். நைரோபியில் முற்பகலுக்குள் இறங்கிவிட்டால் பிற்பகல் ரயிலைப் பிடிக்கலாம், ஊருக்குள் போகவே தேவையில்லை. அதற்கு மேல் என்றால் விமானம்தான்.

திரும்பும்போது ரயிலுக்கு இந்தச் சௌகரியம் இன்னும் கூடுதல். சியோகிமாவில் இறங்கினால் சர்வதேச விமான நிலையம் பக்கத்திலேயே, டாக்ஸியில் கொஞ்ச தூரம்தான். நள்ளிரவுக்கு மேல் உங்கள் விமானம் என்றால் மொம்பாசாவிலிருந்து பிற்பகல் 3 மணி வண்டி போதும், எட்டு மணிக்கு வந்துவிடும். இரவு பத்து பதினோரு மணி விமானம் என்றால் காலை வண்டியில் வந்துவிடுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைப் பெட்டியில் போடாமல் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கென்யாவிலிருந்து வருபவர்களிடம் இந்தியாவில் இறங்கியதும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.